பிஸ்கட்டின் வயிற்றுப்பட்டையில் ஒரு மஞ்சள் கோடு

போன வாரம் எங்கள் லைனுக்குப் பயிற்சிக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலைமேல் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் பேனாவை நன்றாகக் குலுக்கி மூடியைத் திறந்தாள். நெயில் பாலிஷும் பெட்ரோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நான் மூன்று ஆள் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்படியும் அது வந்து மூக்கில் ஏறியது. ஏறியதோடு நிற்காமல், பின்னாலேயே தேங்காய் எண்ணெய் வாசனையையும் குதிரைச் சாண வாசனையையும் இழுத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த செக்-ஷீட்டில் எந்த வரியில் நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

"இன்னா மேடம், நின்னுகினே தூங்குறீங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

தூங்கவில்லை. ஆனால் அப்படிக் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரகடம் கூட்ரோட்டில் காலை ஆறரைக்கு நின்று பாருங்கள். வரிசையாகக் கம்பெனி பஸ்கள் போகும். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை சாய்ந்திருக்கும். போகிற பஸ்ஸில் தூங்குகிறவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், வருகிற பஸ்ஸில் தூங்குகிறவர்கள் வேலை முடிந்து வருகிறவர்கள். மற்றபடி இரண்டு தலைக்கும் வித்தியாசம் கிடையாது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவில் நான் ஒருமுறை முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் தோளில் சாய்ந்து வடியும் எச்சிலோடு தூங்கியிருக்கிறேன். இறங்குகிற இடத்தில் அந்த அம்மா என்னை எழுப்பி, "எந்த ஷிப்ட்டும்மா?" என்று மட்டும்தான் கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் மன்னித்துவிடுவது இந்தக் கேள்வியால்தான்.

அந்த மஞ்சள் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே சொல்லப்போவது புரியாது. கோடு போல்ட்டின் தலையில் தொடங்கி அது உட்கார்ந்திருக்கும் தகட்டின்மேல் போய் முடியும். போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு உடைந்து இரண்டு துண்டாகத் தெரியும். கோடு நேராக இருந்தால், ஒருவர் முறுக்கிவிட்டார், ஒருவர் பார்த்துவிட்டார், இனி யாரும் கை வைக்க வேண்டாம் என்று அர்த்தம். வைக்கவும் கூடாது. களைத்துப்போன ஒருவர் தனக்குப் பின்னால் வரப்போகும் இன்னொரு களைத்த ஆளுக்கு எழுதிவைக்கும் கடிதம் என்று நான் அதை நினைத்துக்கொள்வேன். "இதை நான் பார்த்துவிட்டேன், நீ யோசிக்க வேண்டாம், அடுத்ததற்குப் போ."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கோட்டின் மேல் எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. எனக்கு எதன் மேலாவது பைத்தியம் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். மூன்று மாதம் போனில் ஜப்பானிய மொழி படித்தேன். மொட்டைமாடியில் பிளாஸ்டிக் பையில் காளான் வளர்த்தேன். ஒரு விஷயம் பாதி புரிந்ததும் மீதியை மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவேன். மஞ்சள் கோடு வந்த காலத்தில் எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரில் கோடு இருந்தது. தண்ணீர்க் குழாயில் கோடு இருந்தது. அக்கா ஊறுகாய் ஜாடியின் மூடியில்கூடக் கோட்டைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, என் நெத்தியிலயும் ஒன்னு இழுத்துடேன், நான் முழிச்சிகினு கீறனான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள்.

அக்காவும் நானும் படப்பையில் இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டில் இருந்தோம். அத்தான் டிரெய்லர் ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் வேறு ஏதாவது மாநிலத்தின் டோல்கேட்டிலிருந்து போன் பேசுவார். அக்கா சார்ஜர் ஒயர் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் நின்றாள். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். அவள் மகள் யாழினிக்கு அப்போது ஆறு வயது. அவளைப் பள்ளிக்குக் கிளப்புவது, தலை பின்னுவது, ஷூ மாட்டுவது எல்லாம் நானும் அக்காவும் ஷிப்ட் பார்த்துப் பிரித்துக்கொண்டது. பெரும்பாலும் எனக்குத்தான் விழும்.

யாழி அதிகம் கேட்கும் குழந்தை இல்லை. பொம்மை கேட்கமாட்டாள், ஐஸ் கேட்கமாட்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அம்மா வந்து பார்க்க வேண்டும். பள்ளி ஆண்டுவிழாவில் அவள் தேனீயாக ஆடினாள், அக்காவுக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். விளையாட்டு விழாவில் தவளை ஓட்டம் ஓடினாள், அக்காவுக்கு ஓவர்டைம். இரண்டுக்கும் நான் போய் முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேன். தவளை ஓட்டம் முடிந்து வரும்போது, "சித்தி பாத்தா பத்தாதா?" என்று கேட்டேன். அவள் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்து, "நீதான் எப்பப் பாத்தாலும் பாத்துகினே இருக்கியே" என்றாள்.

குதிரை எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது ஏகாம்பரம் அண்ணன் மூலமாக. எங்கள் தெருக்கோடியில் இருந்தார். எட்டு வருடம் கார் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில், இதே மஞ்சள் கோடுகளுக்கு நடுவே, கான்ட்ராக்ட்டில் இருந்து, அங்கே ஆளைக் குறைத்தபோது வெளியே வந்தவர். சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு மேடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆறு குதிரைகளோடு சவாரிப் பள்ளி தொடங்கியிருந்தார். புது அபார்ட்மென்ட்டுகளில் இருக்கும் மேனேஜர்களின் பிள்ளைகள் சனி ஞாயிறில் கற்றுக்கொள்ள வருவார்கள். அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. "மிஷினாவது பரவால்ல பாப்பா, ஆப் பண்ணா நின்னுடும். இது லீவு நாள்லகூடத் துன்னும்" என்பார். ஆனால் குதிரை அவர் தோளில் மூக்கை வைத்துத் தேய்க்கும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் அவர் சொன்னதை நம்ப முடியாது.

வார நாட்களில் சாயங்காலம், குதிரைகளுக்கு வேலை இல்லாத நேரத்தில், யாழியை அவர் கூட்டிப்போவார். அங்கே பிஸ்கட் என்று ஒரு குட்டை மட்டக்குதிரை. ஊறவைத்த பிஸ்கட்டின் நிறம். வயிறு மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரிது. அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, யாழி அதன் மேல் உட்கார்ந்து மைதானத்தைச் சுற்றுவாள். மேடம் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "நேரா உக்காருதே இந்தக் குட்டி" என்றாராம். ஞாயிற்றுக்கிழமை காலை சின்னதாக ஒரு குதிரைச் சவாரி விழா வைத்தபோது, சின்னப் பிள்ளைகள் பிரிவில் யாழியின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். ஆள் கயிற்றைப் பிடித்து நடத்திப் போக வேண்டும். குழந்தை ஒரு சுற்றுப் போய், நடுவர் முன்னால் நின்று, வணக்கம் சொல்லி வர வேண்டும். உட்காரும் விதத்துக்குப் பாதி மதிப்பெண். உடுத்தியிருக்கும் விதத்துக்கு மீதி.

அக்காவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். ஞாயிறு காலை ஆறு மணிக்கு முடியும். விழா ஏழரைக்கு. "பஸ்ஸுல கூட்ரோட்ல எறங்கி ஆட்டோ புடிச்சி நேரா வந்துடறேன்" என்று அவள் சொன்ன அன்று யாழி சோறு தின்னாமல் வீட்டை நான்கு முறை சுற்றி ஓடினாள். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி அவளே என் மஞ்சள் பேனாவால் வட்டம் போட்டாள். கையெல்லாம் பெயின்ட்.

உடுத்தும் விதத்துக்குப் பாதி மதிப்பெண் என்று கேட்டதும் எனக்குள் இருந்த ஆள் விழித்துக்கொண்டாள். இரண்டு வாரம் போனில் வெளிநாட்டுக் குழந்தைகள் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். பதினான்கு வரியில் செக்-ஷீட் போட்டேன். வெள்ளைக் கால்சட்டைக்கு அவளுடைய சனிக்கிழமை யூனிபார்ம் பேன்ட்டை உள்தையல் போட்டுக் காலோடு ஒட்டவைத்தோம். கோட்டுக்கு, அத்தானின் அண்ணன் மகள் போட்டுச் சின்னதாகிப்போன பள்ளிக் கோட்டு. பாக்கெட்டிலிருந்த பள்ளி முத்திரையை நான் பிளேடால் பிரித்தெடுத்தேன். முழங்கால்வரை பூட்ஸுக்கு எங்கே போவது? படப்பையில் பைக் சீட் கவர் தைக்கும் கடைக்காரரிடம் யாழியின் காலை நீட்டினோம். அவர் கறுப்பு ரெக்சினில் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஒரு உறை தைத்து, பக்கவாட்டில் ஜிப் வைத்துக் கொடுத்தார். பள்ளி ஷூவுக்கு மேல் அதை மாட்டினால் ஐந்தடி தள்ளி நின்று பார்ப்பவர்களுக்குப் பூட்ஸ்தான். "ரெண்டு சீட் கவர் தச்சா ஒன்னு ஃப்ரீ. இன்னொரு கால் ஃப்ரீயா வச்சிக்கம்மா" என்றார் அவர்.

அந்த ஞாயிறு காலை ஐந்து மணிக்கு யாழியைக் கட்டிலின் மேல் நிற்கவைத்தேன். நான் முந்தைய இரவு பதினொன்றரைக்குத்தான் வேலையிலிருந்து வந்திருந்தேன். கண்ணில் மணல் போட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் ஒரு குஷி. குழந்தையின் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரினேன். இரட்டைச் சடை போட்டால், சவாரிப் பள்ளியிலிருந்து அண்ணன் கொண்டுவந்து கொடுத்திருந்த ஹெல்மெட் ஏறவில்லை. ஒற்றைச் சடை போட்டாலும் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் சடையைப் பிரித்துச் சுருட்டி, எங்கள் கம்பெனியில் விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் நீலநிறத் தலையுறையை மாட்டி உள்ளே அடக்கினேன். அவள் கண்ணாடியில் பார்த்து, "அம்மா மாதிரியே கீறேன்" என்று சிரித்தாள். அக்காவும் லைனில் அதைத்தான் போட்டுக்கொண்டு நிற்பாள்.

கொலுசைக் கழற்றுவதில்தான் சண்டை. சத்தம் வரும், குதிரைக்குப் பிடிக்காது என்றேன். "பிஸ்கட்டுக்குப் புடிக்கும். அது தலைய ஆட்டும்" என்றாள். அதற்குள் அக்கா டீ பிரேக்கில் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"கொலுசக் கழட்டிட்டியா? வளையல்? கம்மலு?"

"எல்லாம் ஆச்சிக்கா. உங்க லைனுக்குள்ளயே விடலாம், அப்படி ரெடி பண்ணியிருக்கேன்."

"கன்னத்துல பொட்டு வச்சியா?"

"அக்கா, உடைக்கு மார்க்குக்கா. வெளிநாட்டுல யாரும்..."

"வெளிநாட்டுக்காரன் வந்து அவளுக்கு சுத்திப் போடுவானா? வைடீ."

வைத்தேன். யாழி போனுக்கு அருகில் வாயைக் கொண்டுபோய், "அம்மா, தூங்காம வந்துடுவியா?" என்று கேட்டாள்.

"தூங்காம வந்துடுவேண்டி தங்கம்."

பிறகு செக்-ஷீட்டை எடுத்தேன். ஹெல்மெட் வார், சரி. கோட்டுப் பொத்தான், சரி. கால் உறை ஜிப், இரண்டும் சரி. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, மஞ்சள் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி. யாருக்கும் தெரியாத இடங்களில்தான் வைத்தேன். யாழிக்கு இது பெரிய மரியாதை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் ஓகேவா சித்தி?" என்றாள். "எல்லாம் ஓகே" என்றேன். அதன் பிறகு ஆட்டோவில் ஏறி இறங்கும்வரை அவள் எதையும் தொடவில்லை, கழுத்து அரித்தபோதுகூட. ஓகே போட்டதைத் தொடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

மைதானத்தில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மைக்கில் யாரோ ஒன் டூ த்ரீ சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்றக் குழந்தைகள் எல்லாம் கடையில் வாங்கிய முழு உடையில் வந்திருந்தார்கள். நிஜ பூட்ஸ் ஐந்தடி தள்ளியிருந்தாலும் நிஜ பூட்ஸாகத்தான் தெரிகிறது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். உடை பார்க்கும் நடுவர் அம்மா வரிசையாக வந்தார். யாழியின் கன்னத்தைப் பார்த்து, டிஷ்யூவை எடுத்துத் துடைக்கப் போனார். யாழி தலையைப் பின்னால் இழுத்து, "அது அழுக்கு இல்ல மிஸ். அம்மா வைக்கச் சொன்னது" என்றாள். அவர் டிஷ்யூவைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். எழுதியது என்ன மதிப்பெண் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா ஏழேகாலுக்கு வந்துவிட்டாள். கம்பெனி பையோடு, கசங்கிய துப்பட்டாவோடு, ஷாமியானாவின் முதல் வரிசையில் உட்கார்ந்து தூரத்திலிருந்து கையை ஆட்டினாள். யாழி கையை ஆட்டவில்லை. மூக்கு மட்டும் விடைத்தது. அவ்வளவு சந்தோஷம்.

தவறு நடந்தது அதற்கு அடுத்த பத்து நிமிடத்தில். ஏகாம்பரம் அண்ணன் மூன்று மணிக்கே எழுந்து ஆறு குதிரைகளையும் குளிப்பாட்டித் தேய்த்துச் சேணம் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒற்றை ஆள். பிஸ்கட்டின் முதுகில் சேணத்தை வைத்துவிட்டு, வயிற்றுக்கு அடியில் வரும் பட்டையைக் கையில் பிடித்திருந்தபோது மறுபக்கத்திலிருந்து மேடம் கூப்பிட்டார்.

"பாப்பா, இத்த மட்டும் இழுத்து மாட்டிட்டு இரு. வந்து பாக்குறேன்" என்று என் கையில் பட்டையைக் கொடுத்துவிட்டு ஓடினார்.

இழுத்தேன். முழு பலத்தோடு. நான்காவது துளையில் மாட்டினேன். விரல் உள்ளே போகிறதா என்று பார்த்தேன், போகவில்லை. இதைவிட இறுக்கமாக யாரும் கட்ட முடியாது. பாக்கெட்டில் பேனா இருந்தது. என் கை அதுபாட்டுக்கு அதை எடுத்து, குலுக்கி, பக்கிளில் தொடங்கிப் பட்டையின் மேல் முடியும்படி அழகாக ஒரு கோடு இழுத்தது.

அண்ணன் திரும்பி வந்தார். அவர் கை நேராகப் பட்டைக்குத்தான் போனது. கோட்டைப் பார்த்தது. நின்றது. பிறகு அப்படியே பின்வாங்கி, பிஸ்கட்டின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தது. அவர் முகத்தில் எதுவும் இல்லை, யோசனைகூட இல்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்றும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது: எனக்கு அந்த நொடியில் பெருமையாக இருந்தது.

சேணம் கட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும் என்பது அண்ணனுக்குத் தெரியும். நான்கடி நடந்து மூச்சு விட்டதும் பட்டை தளரும், அப்போது இன்னொரு முறை இழுக்க வேண்டும். தினமும் இழுப்பவர்தான் அவர். எனக்குத்தான் தெரியாது. பதினான்கு வரிச் செக்-ஷீட்டில் குதிரையைப் பற்றி ஒரு வரி இல்லை.

யாழி ஏறினாள். பாதிச் சுற்று நன்றாகத்தான் போனாள். முதுகு நேராக, கண் முன்னால். ஷாமியானாவுக்கு எதிரே திரும்பும்போது பிஸ்கட் பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டது. சேணம் மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. யாழி அதோடு சேர்ந்து சாய்ந்தாள். கத்தவில்லை. தொடக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, பிடரியைக்கூடப் பிடிக்கவில்லை. அண்ணன் ஒரு கையில் கயிற்றை விடாமல், மறுகையால் அவளைத் தோளில் வாங்கிக்கொண்டார். ஹெல்மெட் அவர் தாடையில் இடித்து உதடு கிழிந்தது. அக்கா கயிற்று வேலியைத் தாண்டி ஓடிவந்தாள். செருப்பு ஒன்று அங்கேயே கிடந்தது.

குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. மேடம் வந்து சேணத்தைப் பார்த்தார். "ஏகாம்பரம், பட்டைய யாரு இறுக்கினது?"

"நான்தாங்க மேடம்" என்றார் அண்ணன், உதட்டைத் துடைத்துக்கொண்டே.

நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. திறந்திருப்பேன். அதற்குள் அக்காவின் இடுப்பிலிருந்து யாழி சத்தமாகச் சொன்னாள்: "இல்ல. சித்திதான் ஓகே போட்டாங்க. ஓகே போட்டா மாமா தொடமாட்டாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான்தான் மேடம்" என்றேன், ஆறு வயதுக் குழந்தைக்குப் பின்னால் இரண்டாவதாக. மேடம் குனிந்து மஞ்சள் கோட்டைப் பார்த்தார். "உங்க கம்பெனி போல்ட்டு மூச்சு விடாதும்மா. குதிரை விடும்" என்றார். திட்டவில்லை. யாழியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழாதே. மத்த குரூப் எல்லாம் முடியட்டும், கடைசியா ஒரு சுத்து அனுப்பறேன்" என்றார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் போய் நின்றேன். "ஏண்ணா நான்தான்னு சொன்னீங்க?"

"இங்க கீற குதிர என் பொறுப்பு. நீ மாட்னா இன்னா, உங்க சூப்பர்வைசர் மாட்னா இன்னா." காறித் துப்பினார். "எட்டு வருசம் பாப்பா. மஞ்சளப் பாத்தா கை தானா வெளிய வந்துடுது. ஒரு வாட்டி தெரியாம கை வச்சதுக்கு மெமோ குடுத்தானுங்க தெரியுமா? அங்கிருந்து வந்து ஒன்ற வருசம் ஆவுது. கை இன்னும் அங்கயே வேலை செய்து."

யாழி அக்காவின் மடியைவிட்டு நகரவில்லை. "போய்ட மாட்டியே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "எங்க போறேன், இங்கதான் குந்திகினு கீறேன்" என்றாள் அக்கா. வெயில் ஏறியது. பெரிய பிள்ளைகள் குதிரையில் தடை தாண்டினார்கள், மைக்கில் பெயர் சொன்னார்கள், கை தட்டினார்கள். ஒன்பதே முக்காலுக்கு யாழியைத் தயார்செய்ய நான் கூட்டிப்போக வந்தபோது அக்காவின் கண் சிவந்து உள்ளே போயிருந்தது.

"இன்னும் எத்தினி குரூப்பு கீது?"

"ரெண்டுக்கா."

"அஞ்சு நிமிசம் கண்ண மூடிக்கிறேன். அவ ஏறும்போது வந்து தட்டு."

"சரிக்கா" என்றேன்.

அடுத்த குரூப்பில் வர வேண்டியவர்கள் பாதிப் பேர் வரவில்லை. இரண்டும் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நாங்கள் மைதானத்தின் மறுகோடியில், வாசலில் இருந்தோம். யாழி இந்த முறை என்னை எதையும் தொடவிடவில்லை. ஹெல்மெட் வாரை அவளே மாட்டினாள், அவளே இழுத்துப் பார்த்தாள். அண்ணன் பட்டையை இறுக்கி, பிஸ்கட்டை ஒரு சுற்று நடத்தி, மறுபடி இறுக்கினார். அவள் தன் சின்ன விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.

நான் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். அடித்தது. மறுபடி அடித்தது. அவள் போன் எப்போதும் சைலன்ட்டில்தான் இருக்கும். வேலை நேரத்தில் லாக்கரில் கிடக்கிற போன், அந்தப் பழக்கம். ஓடிப்போய்த் தட்டியிருக்கலாம். ஓடினால் குழந்தை ஏறுவதைப் பார்க்க இங்கே ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், கால் வலித்தது. ஆறு நாள் நின்ற கால். மைதானத்தைக் குறுக்கே ஓடுவது என்று நினைத்ததும் உடம்பு வேண்டாம் என்றது. போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். அதனால் வீடியோவும் எடுக்கவில்லை.

யாழி அவ்வளவு அழகாக அதற்கு முன்பும் போனதில்லை, பின்பும் போகவில்லை. பைக் சீட் ரெக்சின் வெயிலில் மின்னியது. நடுவர் முன்னால் நின்று வணக்கம் சொன்னாள். பிறகு ஷாமியானாவுக்கு எதிரே வந்ததும் கடிவாளத்திலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டினாள். அக்கா முதல் வரிசையில், துப்பட்டாவைத் தலைக்கு முக்காடாகப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் தூங்கிப் பழகியவர்கள் அப்படித்தான் தூங்குவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கண்கொட்டாமல் பார்ப்பது போலவே இருக்கும்.

இறங்கியதும் முதல் கேள்வி: "அம்மா பாத்துச்சா?"

"பாத்தாங்க" என்றேன். ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

மைக்கில் எல்லோருக்கும் நன்றி சொல்லும் சத்தத்தில் அக்கா விழித்துக்கொண்டாள். நாங்கள் எதிரே நிற்பதைப் பார்த்தாள். நான் கண்ணால் சொன்னேன், அவளும் புரிந்துகொண்டாள். எழுந்து யாழியை வாரி எடுத்து, "சூப்பர்டி! ராணி மாதிரி போனடி!" என்றாள். யாழி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நெற்றியில் துப்பட்டாவின் மடிப்பு பதிந்திருந்தது.

"அம்மா, நான் எந்தக் கையால டாட்டா காட்னேன்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் யாழியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு என் வலது கையை லேசாகத் தூக்கினேன். யாழி திரும்பினாள். என் கை இன்னும் கீழே இறங்கியிருக்கவில்லை.

அவள் அழவில்லை. அக்காவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, அது இருக்க வேண்டிய மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். "வூட்டுக்குப் போலாம்" என்றாள். ஷேர் ஆட்டோவில் நாங்கள் மூன்று பேரும் தூங்கினோம். அவள் தூங்கினாளா, கண்ணை மூடிக்கொண்டிருந்தாளா என்று எனக்குத் தெரியாது.

நான்கு வருடம் ஆகிறது. குத்தகை முடிந்து மேடம் போய்விட்டார். அந்த மைதானத்தில் இப்போது டிரெய்லர்கள் நிற்கின்றன. அத்தான் ஒருமுறை தன் வண்டியை அங்கே போட்டிருக்கிறார். குதிரைகள் எங்கெங்கோ பிரிந்து போயின. பிஸ்கட் எங்கே என்று அண்ணனுக்கும் தெரியவில்லை. அவர் ஒரு குடோன் வாசலில் செக்யூரிட்டி உடையில் நிற்கிறார். அக்காவுக்கு ஜெனரல் ஷிப்ட் கிடைத்துவிட்டது. ஆண்டுவிழா, விளையாட்டு விழா எதையும் விடுவதில்லை. முன்வரிசையில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் யாழி சாதாரணமாகப் பேசுவதைப் போல ஆரம்பிப்பாள்: எனக்கு எடப்பக்கம் யாரு நின்னா? நான் எந்த எடத்துல மறந்தேன்? மிஸ் என்ன கலர் பொடவை? அக்கா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்கிறாள். பரீட்சைக்குப் படிப்பவளைப் போலப் பார்த்துவிட்டு வருகிறாள். யாழி கேட்டுக்கொண்டு தலையாட்டுவாள், அடுத்த கேள்விக்குப் போவாள்.

ஒரே ஒரு கேள்வி கேட்டு, நாங்கள் சொன்ன பதிலை அப்படியே வாங்கிக்கொண்டு விளையாடப் போய்விடும் ஒரு குழந்தை எங்கள் வீட்டில் ஆறு வருடம் இருந்தாள்.